அழாதவனுக்கு என்ன மருந்து?

நாங்கள் இப்போது குடியிருக்கும் கூடுவாஞ்சேரியில், ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட் பக்கம் திரும்பும் முனையில் புதிதாக ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை வந்திருக்கிறது. நேற்று மாலை ஆபீஸ் விட்டு அந்த வழியாக வந்தேன். தாமிரக் கம்பியால் காயில் சுற்றி முடித்த மோட்டார் ஒன்றை வார்னிஷில் முக்கி எடுத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. சேலையூர் கேம்ப் ரோட்டில் உன் கடையின் வாடை அது. உன் சட்டையில், உன் விரல் இடுக்கில், நீ நீட்டும் டீ கிளாசின் விளிம்பில்கூட இருந்த வாடை.

வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருக்கும். எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மோட்டார் எதுனா எரிஞ்சுடுச்சா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "ஒண்ணும் இல்லை!" என்று கத்திவிட்டேன். மனிதர் அரண்டு போய்விட்டார். வீடு வந்து சேர்ந்த பிறகும் கோபம் தீரவில்லை. காலையில் எழுந்த பிறகும் அது அடங்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன், மச்சான். எனக்கு மாத்திரை எழுதிய டாக்டர் மேல் கோபம். என் வீட்டு மனிதர்கள் மேல் கோபம். என் மேல் கோபம். எல்லோரையும்விட உன் மேல். நீ போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. இவ்வளவு நாள் கழித்து என்ன கோபம் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இது.

ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பத்தாவதோடு நீ மோட்டாருக்குக் காயில் கட்டப் போனாய். நான் டைப்பிங் படித்து, குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். தினமும் சாயங்காலம் தாம்பரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயினை விட்டு இறங்கினால் முதலில் உன் கடைக்குத்தான் வருவேன். நீ பேசுவாய், நான் சிரிப்பேன். கௌரியோடு கல்யாணமான பிறகும், மகள் வித்யா பிறந்த பிறகும் அது மாறவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு அது வந்தது. அப்போது அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. வேலை இருந்தது. கௌரி இருந்தாள். குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. ஆனாலும் முகச்சவரம் செய்யும்போது அழுதேன். டைப்ரைட்டரின் முன்னால் அழுதேன். பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்று, ஏற முடியாமல் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். "உனக்கு என்ன குறை?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு குறை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், எடுத்துக் காட்டியிருப்பேன். மாமனார் கண்ணேறு என்றார். மாமியார் ஏதோ கோயிலில் தாயத்து வாங்கி வந்தார். நீ மட்டும் ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் வந்து, "ஏறு" என்றாய்.

தாம்பரம் மேற்கில் ஒரு மாடி கிளினிக். 'நரம்பு மற்றும் மனநல மருத்துவர்' என்ற பலகையைப் பார்த்ததும் நான் படியிலேயே நின்றுவிட்டேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"மோட்டார் எரிஞ்சா என்னாண்ட இட்டாறாங்க இல்ல? மண்டை சூடானா இங்க. அவ்ளோதான். இதுல இன்னாடா வெக்கம்?"

மாத்திரை வேலை செய்தது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு மாதத்தில் அழுகை நின்றது. இரண்டாவது மாதம் வேலைக்குப் போனேன். அன்று நீ கடைக்கு வந்தவன் போனவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய்.

அழுகையோடு வேறென்னவெல்லாம் நின்றது என்று எனக்கே கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. உடம்பில் வந்த தொல்லைகளைச் சொல்ல வார்த்தை இருந்தது. வாய் காய்ந்து, பேச்சின் நடுவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வலது கை நடுங்கி, டீ சாசரில் சிந்தும். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் மேலுதடு வியர்க்கும். பழைய வியாதியும் முழுசாகப் போய்விடவில்லை. விடிவதற்கு முன்பே முழிப்பு வந்துவிடும், எழுந்தால் உடம்பு ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். ஒரே கடிதத்தை நாலு முறை படித்தாலும் மண்டையில் ஏறாது. இதையெல்லாம் சொல்லலாம். ஆனால் வெள்ளிக்கிழமை டிவியில் பிடித்த பாட்டு வரும்போது எதுவும் தோன்றவில்லை என்பதை எப்படிச் சொல்வது? குழந்தை முதன்முதலில் "அப்பா" என்றபோது, சரி, பேச்சு வந்துவிட்டது என்று மட்டும் நினைத்தேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

டாக்டரிடம் சொன்னேன். மாதா மாதம் அவர் மூன்று கேள்வி கேட்பார். வேலைக்குப் போறீங்களா? தூக்கம் வருதா? சாப்பிடறீங்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் சீட்டில் 'பெட்டர். கன்டினியூ' என்று எழுதி நீட்டிவிடுவார். ஒருநாள் தைரியம் வந்து, "டாக்டர், எனக்கு எதுவுமே தோண மாட்டேங்குது" என்றேன்.

அவர் சிரித்தார். "முன்னாடி ரொம்பத் தோணிச்சு, அதானே ப்ராப்ளம்? இப்ப அமைதியா இருக்கீங்க. ஃபேமிலி ஹாப்பியா இருக்காங்க இல்ல?"

"தேங்க் யூ டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொன்னேன், மச்சான். அதை இப்போது நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

வீட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். "மாப்பிள்ளை ஒரு வார்த்தை அதிர்ந்து பேசறதில்லை, தங்கமான மனுஷர்" என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். ஒரு மனிதன் கோபப்படாமல், எதுவும் கேட்காமல், வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய் வந்தால் போதும் என்று எல்லோருமே நினைத்தார்கள். அவனுக்குள் ஆள் இருக்கிறானா என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நீ பார்த்தாய். அதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருந்தது.

தாம்பரம் மார்க்கெட்டில் காலைக் கூட்டம். வித்யாவுக்கு அப்போது ஐந்து வயது. கௌரியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவளைக் காணவில்லை. கௌரி அலறிக்கொண்டு ஓடினாள். நான் செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். கடை கடையாகப் போய், "மஞ்சள் கவுன், ரெட்டை ஜடை, அஞ்சு வயசு" என்று தெளிவாகச் சொன்னேன். ஒரு கடைக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு வூட்டு கொழந்தை?" என்று கேட்டாள். என் குழந்தை என்றேன். அவள் நம்பவில்லை.

ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்த நீ, கௌரியின் அலறலைக் கேட்டு ஓடி வந்தாய். அரை மணி நேரம் கழித்து, பஸ் நிற்கும் இடத்தில் பூக்காரி பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாய். கௌரி அவளைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீயும் சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நான் தக்காளிக் கூடையின் முன்னால் நின்று, "கௌரி, அரைக் கிலோ போதுமா?" என்று கேட்டேன்.

நீ என் சட்டையைப் பிடித்துவிட்டாய். "டேய்! கொழந்தை காணாம போய் கெடைச்சுகீதுடா. நீ இன்னா தக்காளி கேட்டுகினு நிக்கிற?"

"அதான் கிடைச்சுட்டாளே."

உன் பிடி தளர்ந்தது. என் முகத்தை, அதற்கு முன் பார்த்தே இராதது போலப் பார்த்தாய். குரலை இறக்கி, "மச்சான், நீ உள்ள கீறியா இல்லியாடா?" என்று கேட்டாய்.

"தெரியலடா" என்றேன்.

அந்தக் கேள்வியை அதுவரைக்கும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் வித்யா, "அப்பா ஏன் என்னைத் தூக்கல?" என்று கௌரியிடம் கேட்டாள். உடனே தூக்கிக்கொண்டேன். கனம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

அந்த வாரமே நீ என்னோடு கிளினிக்குக்கு வந்தாய். டாக்டர் மூன்று கேள்வி கேட்டு முடித்துப் பேனாவை எடுத்ததும் எழுந்து நின்றாய்.

"சார், ஒரு நிமிசம். இவன் அழுதுகினே கீறான்னு உங்களாண்ட இட்டாந்தேன். நிறுத்திட்டீங்க, ரொம்ப டாங்ஸு. இப்ப பெத்த பொண்ணு காணாம போனாகூட இவன் அழ மாட்றான். சிரிக்கவும் மாட்றான். அதுக்கு இன்னா மருந்து சார்?"

"நீங்க யாரு?"

"ஃப்ரெண்டு."

"ஃப்ரெண்டெல்லாம் வெளியில வெயிட் பண்ணுங்க."

"நான் பேஜார் பண்றதுக்கு வரல சார். தெரியாமத்தான் கேக்கறேன்."

"என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"பத்தாவது ஃபெயிலு. ஆனா ஆறாவதுலேர்ந்து இவன எனக்குத் தெரியும். நீங்களும் இத்தினி வருசமா பார்க்கறீங்களே, இவன் ஒரு தபா சிரிச்சு பார்த்துகிறீங்களா?"

டாக்டர் மணியை அடித்தார். கம்பவுண்டர் வந்து உன் தோளில் கை வைத்தார். நீ போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்திருப்பாய். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு மூடியதும் டாக்டர், "இந்த மாதிரி ஆளுங்க பேச்சைக் கேட்டீங்கன்னா பழையபடி ஆயிடுவீங்க, ஜாக்கிரதை" என்றார். "சரி டாக்டர்" என்றேன். எனக்காகப் பேசிய ஒரே ஆளைப் பிடித்து வெளியே தள்ளுகிறார்கள், நான் சரி டாக்டர் என்கிறேன்.

கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தாய். உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "தூக்கிப் போடுடா அந்த கருமத்த! மனுசனா இரு, அழுதா அழு" என்றாய். எனக்கு அதுவும் சரி, இதுவும் சரி. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

முதல் சில நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தலை சுற்றியது, குமட்டியது, உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அடுத்த வாரம் பழைய வியாதி முன்னைவிட மோசமாக வந்து உட்கார்ந்தது. மூன்று வாரம் படுக்கையை விட்டு எழவில்லை. அழுகை வந்தது. ஆனால் அது யாருக்காகவும் வந்த அழுகை இல்லை. குழந்தை தொட்டாலும் நிற்கவில்லை. கௌரி உனக்கு ஆள் அனுப்பினாள். நீ வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, தலையில் படார் படார் என்று அடித்துக்கொண்டாய். "நான்தான்டா உன்ன கெடுத்துட்டேன்" என்றாய். அன்றே நீயே போய் மாத்திரை வாங்கி வந்து, தண்ணீர் ஊற்றி, நான் விழுங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மாத்திரை இரண்டாம் முறையும் என்னை எழுப்பி நிறுத்தியது. அதனால் மாத்திரை மேல் எனக்குக் கோபம் இல்லை. அது இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருப்பேனா, தெரியாது. என் கோபம் வேறு. அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு நீ வாயை மூடிக்கொண்டாய். ஒரு முறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் சிரிக்காததைப் பார்த்தும் பார்க்காதது போல, மோட்டார் பற்றியும் மழை பற்றியும் பேசினாய். நீ செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான், ஒரே நாளில் நிறுத்தச் சொன்னது. நீ கேட்ட கேள்வியில் தப்பே இல்லையே, மடையா! பயந்து போய் அதையும் ஏன் விட்டாய்? அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? முதல் தடவை "ஏறு" என்றவன்தானே நீ?

இரண்டு வருடம் அப்படியே போனது. நீ இளைத்துக்கொண்டே வந்தாய். என் கண்ணுக்குத் தெரிந்தது, மனதுக்குப் போகவில்லை. ஒரு சாயங்காலம் கடையில் நீ தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாய். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்.

"மச்சான், வயித்துல கட்டியாம். ஸ்கேன்ல தெரிஞ்சுது. ரொம்ப முத்திப் போச்சாம்."

"எந்த ஆஸ்பத்திரி? பெட் கிடைச்சுடுச்சா? நான் லீவு எழுதிக் கொடுத்துடறேன்" என்றேன்.

உன் கை நின்றது. நீ என்னைப் பார்த்தாய். எதற்கோ காத்திருந்தாய். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கேம்ப் ரோட்டில் ஒரு பஸ் போனது. அது போய், அதன் சத்தமும் போன பிறகு நீ மறுபடியும் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தாய்.

"பரவால்ல மச்சான். வூட்ல எல்லாம் அழுதுகினே கீறாங்க. நீ ஒருத்தனாவது நேரா பேசற."

எப்படியடா பரவாயில்லை? இருபத்தைந்து வருடச் சிநேகிதன் சாகப்போகிறேன் என்கிறான், நான் பெட் கிடைத்ததா என்று கேட்கிறேன். நீ அந்த இடுக்கியை எடுத்து என் மண்டையில் போட்டிருக்க வேண்டும். மார்க்கெட்டில் பிடித்தாயே, அந்த மாதிரி சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். எனக்கு வலிக்கக் கூடாது என்று பரவாயில்லை என்றாய். எனக்குத்தான் எதுவும் வலிக்காதே! நீ அப்படிச் சொன்னது உன்னை நீயே ஏமாற்றிக்கொள்ளவா, என்னைக் காப்பாற்றவா? இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதாகவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நான் ரொம்ப உபயோகமாக இருந்தேன். உன் மனைவி ஸ்டெல்லா உன் முகத்தைப் பார்த்ததும் வராந்தாவுக்கு ஓடிவிடுவாள். உன் தம்பிக்கு வாந்தி எடுக்கும் பாத்திரத்தைப் பிடிக்க முடியாது. எனக்கு எல்லாம் முடிந்தது. ரத்தத்துக்கு அலைந்தேன், உடம்பு துடைத்தேன், பேப்பர் படித்துக் காட்டினேன். "உங்க பிரதர் ரொம்ப தைரியசாலி" என்று நர்ஸ் உன்னிடம் சொன்னாள். நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

அன்று மத்தியானம்தான் கேட்டாய். "டேய், நான் போனா அழுவியாடா?"

"தெரியலடா" என்றேன். யோசித்துப் பார்த்து, உண்மையைத்தான் சொன்னேன்.

"பொய் சொல்லலாம்ல, கஸ்மாலம்" என்றாய். அதற்கு மேல் பேச உனக்குத் தெம்பில்லை.

பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் ஜெபம் செய்தார். ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டோம். என் கையிலிருந்த மண்ணில் மூன்று சின்னக் கல் இருந்தது. அது பெட்டி மேல் விழுந்தால் சத்தம் வரும் என்று, அதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மண்ணை மட்டும் போட்டேன். அவ்வளவுதான் என் துக்கம். திரும்பும்போது ஸ்டெல்லா என் முன்னால் வந்து நின்றாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"உங்க கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்லியேண்ணா. அவரு உங்களுக்கு இன்னா கொறை வெச்சாரு?"

நான் அவளிடம், "நீ ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்து, பக்கத்திலிருந்தவர்கள் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை.

அவள் கேட்டது எனக்கு வலிக்கவில்லை. ஆனால் போகவுமில்லை, செருப்பில் ஏறிய முள் மாதிரி நடக்க நடக்கத் தட்டுப்பட்டது. நீ என்ன குறை வைத்தாய்? பல மாதம் கழித்து, கௌரிக்கும் சொல்லாமல், நகரத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளி நோயாளிகள் பிரிவில் ஒரு டாக்டர் அம்மா. என் சீட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தார். வேலை, தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "இது இல்லாம வேற என்ன சார்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

தக்காளி, ஆஸ்பத்திரி பெட், மூன்று கல், எல்லாவற்றையும் ஆபீசில் பட்டியல் படிப்பது போலச் சொன்னேன்.

"இதை முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"நான் ஒரு தடவை சொன்னேன். என் ஃப்ரெண்டு ஒரு தடவை சொன்னான். நான் அமைதியா இருக்கேன்னாங்க. அவனை வெளியில அனுப்பிட்டாங்க."

அவர் என் சீட்டுகளை ஒதுக்கி வைத்தார். "நீங்க சொல்றது நிஜம். உங்க ஃப்ரெண்டு சொன்னதும் நிஜம். சில பேருக்கு மாத்திரையால இப்படி ஆகும். சில பேருக்கு, முழுசா போகாத டிப்ரஷனே இப்படி இருக்கும். எதுன்னு கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பார்த்தாதான் தெரியும். நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வாங்க. ஏதாவது தோணிச்சுன்னா, எவ்வளவு சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

இவ்வளவுதான், மச்சான். இதற்குப் பெரிய மேதை தேவைப்படவில்லை. பேனாவை மூடி வைக்கத் தெரிந்த ஒரு ஆள் போதுமாக இருந்தது. பத்தாவது ஃபெயிலான நீ கண்டுபிடித்ததை, மாடியில் பலகை மாட்டிய மனிதர் ஏழு வருடம் 'பெட்டர்' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அளவைக் குறைத்து, வேறு மாத்திரை சேர்த்து, மறுபடி குறைத்து, ஐந்தாறு மாதம் ஆனது. சந்தோஷம் முதலில் வரும் என்று நினைத்தேன். இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் சீசன் டிக்கெட் வரிசையில் ஒருவன் குறுக்கே புகுந்தான். என் காது சூடானது. "யோவ், நாங்கல்லாம் என்ன கேனையா?" என்று என் குரல் கேட்டது. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவன் வரிசைக்குப் பின்னால் போனான். எனக்கு மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. அதை அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

கௌரி பயந்துவிட்டாள். "மறுபடியும் வந்துடுச்சா? பழைய டாக்டர்கிட்டயே போயிடலாங்க."

"எனக்குக் கோபம் வரக் கூடாதா கௌரி? கோபம்கூட வியாதியா?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து வித்யா ஓடி வந்து, ஏதோ பரிசு வந்தது போல, "அம்மா, அப்பா கத்தறாரு!" என்றாள்.

கௌரி அழுதாள். "நீங்க அழுதுகிட்டிருந்த அந்த மூணு மாசம் கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க சும்மா இருந்தா போதும்னு இருந்துச்சு" என்றாள். எனக்குத் தெரியாதுதான். அவளிடமும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய கிளினிக்குக்கும் ஒருநாள் போனேன். சண்டை போடத்தான் போனேன். டாக்டருக்கு முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. நான் யார் என்று சொல்லி, நீ எழுந்து நின்று பேசியதையும் சொல்லி, "அவன் கேட்டது சரியான கேள்வி சார். நீங்க அவனை வெளியில தள்ளினீங்க" என்றேன்.

"ஒரு நாளைக்கு அறுபது பேர் பார்க்கிறேன், மிஸ்டர். உங்க உயிரைக் காப்பாத்தியிருக்கேன், அதை மறந்துடாதீங்க" என்றார்.

"மறக்கல. அதுக்கு நன்றி. ஆனா அவன் செத்துட்டான். சாகறப்ப நான் பக்கத்திலேயே இருந்தேன், ஆனா இல்லை. அதையும் நீங்க மறந்துடாதீங்க."

அவர் மணியை அடித்தார். இந்த முறை நான் நானாகவே எழுந்து, கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தேன். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. அதுவும் புதிதாக இருந்தது.

இன்னும் ஒரு சின்ன அளவு மாத்திரை சாப்பிடுகிறேன். கை நடுக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சில காலைகளில் உடம்பு கனக்கிறது. வித்யா பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பேசியபோது கண் நிறைந்தது. ஆனால் உனக்காக ஒரு சொட்டு வரவில்லை, இன்று வரைக்கும். அந்த ஏழு வருடத்தில் நடந்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது அந்த ஞாபகத்துக்குள் எந்த உணர்ச்சியும் வைக்கப்படவில்லை. இப்போது திறந்து பார்த்தாலும் எதுவும் இல்லை. உன்னை நான் வழியனுப்பவே இல்லை, மச்சான். என் உடம்பு வந்து வேலைகளைச் செய்துவிட்டுப் போனது.

போன மாதம் உன் நினைவு நாளுக்கு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். நாலு வருடத்தில் முதல் தடவை. ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அவளிடம் சொன்னேன். அன்றைக்கு நான் வேண்டுமென்று அழாமல் இருக்கவில்லை, என்னால் அழ முடியவில்லை என்று. மாத்திரை, வியாதி, மார்க்கெட், எல்லாம் சொன்னேன்.

"தெரியும்ண்ணா" என்றாள். "ஆஸ்பத்திரிலயே அவரு சொன்னாரு. 'அவன் மேல கோச்சுக்காத, அவன் உள்ள மாட்டிகினு கீறான்'னு. எல்லாம் தெரிஞ்சுதான் உங்கள அன்னிக்கு கேட்டேன். எனக்கு ஆத்திரம் தாங்கல. இன்னும்கூட போவல."

"போக வேணாம்மா. எனக்கும் போகல."

"யாரு மேல?"

"அவன் மேலதான்."

அவள் திரும்பி உன் படத்தைப் பார்த்தாள். பிறகு, "எனக்கும்தான்ண்ணா" என்றாள். "வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லல. கடையிலயே உக்காந்துகினு இருந்துட்டு, எல்லாம் முத்தினப்புறம் வந்து சொல்றாரு." சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது. நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு பேரும் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் உன்னைத் திட்டினோம். பக்கத்து வீட்டம்மா என்னவோ சண்டை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவ்வளவு நிம்மதியாக நான் எங்கும் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது.

ஆஸ்பத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கோபம் ரொம்ப தொந்தரவா இருந்தா சொல்லுங்க, அதுக்கும் வழி இருக்கு" என்றார். வேண்டாம் என்றேன். உன் மேல் எனக்கு இருந்ததில் முதலில் உயிர் வந்தது இந்தக் கோபத்துக்குத்தான். இதை நான் யாரிடமும் கொடுக்கமாட்டேன். மற்றதெல்லாம் வரும்போது வரட்டும்.